திரைவழி மனநல ஆலோசனை: முதல் அழைப்புக்கு முன்

இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது, மனதைத் திறந்து பேச எங்கே உட்காருவது? வீடியோ காலில் கவுன்சலிங் பெற நினைக்கும் பலருக்கும் முதல் தடை இதுதான். கட்டணமும் இணைய வேகமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. ஹாலில் மாமியார் டி.வி. பார்க்கிறார், பக்கத்து அறையில் பிள்ளை படிக்கிறது, கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. அந்த நிலையில் திரைமுன் உட்காருபவர் குரலைத் தாழ்த்தி, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கி, "இப்போ பரவால்ல மேடம்" என்று முடித்துவிடுகிறார். எதிரில் இருப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சொல்லப்படாததற்கு அவரால் சிகிச்சை தர முடியாது. இரண்டு முறை இப்படி ஆனதும், "ஆன்லைன் கவுன்சலிங்லாம் நமக்கு ஒத்துவராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்.

மன அழுத்தம், பதற்றம், பழைய அதிர்ச்சி ஆகியவற்றுக்குத் திரைவழியே நல்ல உதவி பெற முடியும். பதற்றக் கோளாறுகளுக்குத் தரப்படும் சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, நேரில் தருவதற்கு ஏறத்தாழ இணையான பலனை இணையவழியிலும் தருவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஸ்வீடனில் பொது மருத்துவ அமைப்பே இதை நெடுநாளாக வழங்கிவருகிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போனால் மூடிய கதவு, தகுதி பார்த்துச் சேர்க்கப்பட்ட மருத்துவர், அவசரமென்றால் ஓடிவர ஆள் என எல்லாம் அங்கே தயாராக இருக்கும். திரைவழியில் இவற்றை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்வது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

உட்காரும் இடம்

கதவுள்ள அறை கிடைத்தால் அதுவே போதும். கிடைக்காதவர்கள் முதலில் நினைப்பது மொட்டை மாடியை. மாலையில் அங்கே துணி எடுக்க வருபவர்களும் நடக்க வருபவர்களும் இருப்பார்கள்; திறந்த வெளியில் குரலும் அடுத்த மாடி வரை போகும். வெயில் ஏறுமுன் காலை நேரம் உகந்தது. நிறுத்தி வைத்த கார் இருந்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேச அதைவிட நல்ல இடம் நகரத்தில் குறைவு. ஓட்டிக்கொண்டே மட்டும் பேசக் கூடாது. நம்பிக்கையான தோழியின் வீடு, அலுவலகத்தில் எல்லோரும் கிளம்பிய பிறகு காலியாகும் மீட்டிங் அறை, விடுதியில் அறைத்தோழர் வகுப்புக்குப் போகும் நேரம் எனத் தேடினால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆலோசனை நேரத்தை அந்த இடைவெளிக்கு ஏற்பக் கேளுங்கள். கவுன்சலருக்கு வசதியான நேரத்தை ஒப்புக்கொண்டுவிட்டு இடத்துக்கு அலைவது தலைகீழ் வேலை.

இயர்போன் கட்டாயம். அதைப் போட்டுக்கொண்டால் வெளியே கேட்பது உங்கள் குரல் மட்டும். கேள்விகள் யாருக்கும் கேட்காது. இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். "நான் வீட்டில் இருக்கும் நாளில் எண்ணிலோ ஆம், இல்லை என்றோ பதில் சொல்லும்படி கேளுங்கள்" என்று கவுன்சலரிடம் முன்பே சொல்லிவையுங்கள். "பயம் இப்போது பத்துக்கு எவ்வளவு?" என்று அவர் கேட்பார்; "ஏழு" என்று நீங்கள் சொல்வது அடுத்த அறைக்குக் கேட்டாலும் ஒன்றும் புரியாது. வாயால் சொல்ல முடியாத வாக்கியத்தை அங்கேயே சாட்டில் தட்டச்சு செய்யலாம். அறைக்கு வெளியே, கதவை ஒட்டி ஒரு ரேடியோவோ மின்விசிறியோ ஓடினால் உங்கள் குரல் அதில் கரைந்துவிடும். திடீரென்று யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்ற ஒரு அடையாள வாக்கியத்தை இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். "அந்த ஃபைலை நாளைக்கு அனுப்புறேன்" என்பது போல எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

நம் வீடுகளில் கதவை மூடுவதே ஒரு கேள்வி. அதற்குப் பதில் தயாராக இருந்தால் பாதிப் பதற்றம் குறையும். "டாக்டர்கிட்ட பேசணும், முக்கால் மணி நேரம் கதவைத் தட்டாதீங்க" என்பது பொய்யும் அல்ல, முழு விவரமும் அல்ல. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது போதும்.

அடியும் மிரட்டலும் உள்ள வீட்டின் நிலை வேறு. உங்கள் போனை வாங்கிப் பார்க்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், திரைவழி ஆலோசனையே உங்களுக்கு ஆபத்தாக முடியலாம். அழைப்புப் பட்டியல், யுபிஐ கட்டண விவரம், கூகுள் தேடல் வரலாறு, வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட மற்ற சாதனங்கள் ஆகிய நான்கிலும் தடம் இருக்கும். அந்த நிலையில் இருப்பவர்கள் வேறொருவர் போனிலிருந்து 181 பெண்கள் உதவி எண்ணை அழைப்பதும், மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு நேரில் போவதும் பாதுகாப்பானவை. ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்கல் மூன்றும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். பதற்றத்துக்கான சிகிச்சை அதன் பிறகு தொடங்கினால் போதும். அடி விழும் வீட்டில் பயப்படுவது நோயல்ல.

எதிரில் இருப்பவர் யார்

சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர்; மருந்து எழுதக் கூடியவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியலில் மருத்துவப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர். மருந்து எழுத மாட்டார், பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் மதிப்பீடும் செய்வார். மூன்றாவதாக வரும் 'கவுன்சலர்' என்ற பெயரில்தான் கவனம் வேண்டும். இரண்டாண்டு முதுகலை உளவியல் படித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பயின்ற நல்ல கவுன்சலர்கள் நிறைய உண்டு. ஒரு வார இறுதிப் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்கிறார். 2021-இல் வந்த இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்துறையையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. என்றாலும் பெயர்ப்பலகை வைக்கும் எல்லோரையும் சலித்தெடுக்கும் ஏற்பாடு நடைமுறையில் முழுமை பெறவில்லை. ஆகவே கேட்க வேண்டியது நீங்கள்தான். மருத்துவரென்றால், மார்ச் 2020-இல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி அவருடைய பதிவு எண் மருந்துச்சீட்டிலும் ரசீதிலும் இருக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. தகுதியுள்ளவர் தயங்காமல் சொல்வார்.

முதல் செய்தியை இப்படி அனுப்பலாம்:

"வணக்கம். மூன்று மாதமாகத் தூக்கம் சரியில்லை, வெளியே போனால் நெஞ்சு படபடப்பு வருகிறது. தமிழிலேயே பேச விரும்புகிறேன். உங்கள் படிப்பு, பதிவு எண், இதுபோன்ற பிரச்சினைக்கு எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், ஒரு அமர்வு எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் பணம் திரும்புமா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

இதற்கு நேரான பதில் வராவிட்டால் அடுத்தவரைப் பாருங்கள். இத்தனை நாளில் குணம் என்று உத்தரவாதம் தருபவர், முதல் அழைப்பிலேயே பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்பவர், சைக்கியாட்ரிஸ்ட் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் ஆகியோரிடம் போக வேண்டாம்.

பணம் இல்லை என்பதற்காக இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 10 அக்டோபர் 2022 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதே எண் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்குகிறது. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு இணைப்பார். ஒரே ஆலோசகரிடம் வாராவாரம் தொடரும் சிகிச்சையை இதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் நிற்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

படபடப்பும் பதற்றமும்

ஆலோசனைக்கு முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. படபடப்பு, நடுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தைராய்டு மிகைச் சுரப்பாலும், ரத்தசோகையாலும், இதயத் துடிப்புக் கோளாறாலும் வரும். பக்கத்து மருத்துவரிடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் சிகிச்சைக்கே அது உதவும். பீதித் தாக்குதல் வருபவரின் உள்ளே ஓடும் எண்ணம் பெரும்பாலும் "ஹார்ட் அட்டாக் வந்துவிட்டது", "இதோ மயங்கி விழப்போகிறேன்" என்பதுதான். துடிப்பைக் கண்டு பயம், பயத்தால் இன்னும் துடிப்பு என்று அது சுழலும். அந்தச் சுழலை உடைப்பதே சிபிடி. கவுன்சலர் உங்களைப் படியேறச் சொல்வார், ஸ்ட்ரா வழியே மூச்சுவிடச் சொல்வார், நின்ற இடத்தில் சுற்றச் சொல்வார். வேண்டுமென்றே துடிப்பை வரவழைத்து, அது தானாக அடங்குவதை உடம்பே அறியும்படி செய்வது இதன் நோக்கம்.

இங்கே திரைவழிக்கு ஒரு மேன்மை உண்டு. கிளினிக்கில் உட்கார்ந்து லிஃப்ட் பயத்தைப் பற்றிப் பேசத்தான் முடியும். போனைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் முன்னாலேயே நிற்கலாம். கவுன்சலர் காதில் பேசிக்கொண்டே இருக்க, ஒரு மாடி மட்டும் ஏறிப் பார்க்கலாம். பஸ்ஸில் ஏற முடியாதவர் பஸ் நிறுத்தத்திலிருந்தும், பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவர் அந்த வாசலிலிருந்தும் இணையலாம். இப்படி எதுவும் செய்யச் சொல்லாமல், வாராவாரம் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பும் ஆலோசனை பதற்றக் கோளாற்றுக்குப் போதாது. சாதாரணப் பதற்றக் கோளாற்றுக்கு சிபிடி பெரும்பாலும் 8 முதல் 16 அமர்வுகள் ஆகும். ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தை இடையிடையே நிரப்பக் கொடுப்பார்கள். மொத்தம் 21 மதிப்பெண்ணில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் தேவை என்பது பொதுவான அளவு. மதிப்பெண் இறங்குகிறதா என்று நீங்களும் பாருங்கள்.

மனக்காயம்: மெதுவாகப் போவதே வேகம்

விபத்து, பாலியல் வன்முறை, நெருங்கியவரின் திடீர் மரணம், போர், வெள்ளம் ஆகியவற்றின் பின் ஒரு மாதத்துக்கு மேலும் அந்தக் காட்சி பகலிலும் கனவிலும் திரும்ப வருவது, அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது, சிறு சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது என்று இருந்தால், அதற்கெனப் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள். பொதுவான கவுன்சலிங் பயிற்சி இதற்குப் போதாது.

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம், கடலூர் முகாம்களுக்கு உதவ எத்தனையோ பேர் வந்தார்கள். நடந்ததைச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் பேரிடருக்குப் பின் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகள் காட்டின. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. முகாமுக்குச் சொன்ன இது, உங்கள் முதல் வீடியோ அழைப்புக்கும் பொருந்தும். முதல் நாளிலேயே "முழுசா சொல்லுங்க" என்று தூண்டுபவரிடம், "அதை இப்போது சொல்ல மாட்டேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நல்ல சிகிச்சையாளர் முதல் சில வாரங்களைத் தூக்கத்துக்கும், உடம்பை அமைதிப்படுத்தும் பயிற்சிகளுக்கும், இன்று நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்பதற்கும் செலவிடுவார். நினைவுக்குள் இறங்குவது அதன் பிறகுதான்.

திரையில் உங்கள் முகம் மட்டும் தெரிகிறது. உங்கள் கை நடுங்குவதையும் கால் விறைப்பதையும் மூச்சு மேலேறுவதையும் சிகிச்சையாளரால் பார்க்க முடியாது. போனைச் சற்றுத் தள்ளி, தோளும் கையும் தெரியும்படி சாய்த்து வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு பேச வேண்டாம். தெரியாததை நீங்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்கும்: "கால் மரத்துப்போச்சு", "உங்க குரல் தூரத்துல கேட்குது", "நான் இங்க இல்லாத மாதிரி இருக்கு." கடைசி இரண்டும் முக்கியமான அறிகுறிகள், மனம் அந்த இடத்தைவிட்டு விலகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தக் கணமே நிறுத்தி, தரையில் பாதத்தை அழுத்தி, அறையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திரும்ப வேண்டும். பேச்சே வராத நேரத்துக்காக, உள்ளங்கையைக் காட்டினால் 'நிறுத்து' என்று முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் முகமே திரையில் தெரிந்து தொந்தரவு செய்தால் அந்தச் சிறு கட்டத்தை மறைத்துவிடலாம்.

இஎம்டிஆர் எனும் சிகிச்சை முறையும் இப்போது திரைவழியே தரப்படுகிறது. 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபிரோ உருவாக்கிய இதில், நினைவைத் தொடும்போது கண்ணை இடவலமாக அசைப்பது வழக்கம். நீங்களே கைகளை மார்பின் குறுக்கே வைத்துத் தோள்களை மாறிமாறித் தட்டுவது அதற்கு மாற்று. மெக்சிகோவின் அகாபுல்கோவைப் புயல் தாக்கிய பிறகு 1998-இல் அங்கே குழந்தைகளோடு வேலை செய்தபோது பிறந்தது தோள் தட்டும் இந்த முறை. யூடியூபைப் பார்த்துத் தனியாகச் செய்து பழைய நினைவைக் கிளற வேண்டாம்.

அமர்வு முடிந்த பிறகான அரை மணி நேரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நேரில் போனால் திரும்பி வரும் பஸ் பயணமே மனதை ஆற்றிவிடும். இங்கே திரை அணைந்த அடுத்த நிமிடம் குக்கர் விசில் அடிக்கும், பிள்ளை வீட்டுப்பாடத்தோடு வந்து நிற்கும். ஆகவே கடைசிப் பத்து நிமிடத்தில் கதையை நிறுத்திவிட்டு இன்றைய நாளுக்குத் திரும்பும்படி சிகிச்சையாளரைக் கேளுங்கள். முடிந்ததும் முகம் கழுவி, தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். இரவு படுக்கப்போகும் நேரத்தையும், அலுவலக மீட்டிங்குக்கு முந்தைய நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள். படுக்கையில் அமர்ந்தும் பேச வேண்டாம். தூங்க வேண்டிய இடத்தில் அந்த நினைவு தங்கிவிடக் கூடாது.

அழைப்பு அறுந்தால்

முதல் அமர்வின் தொடக்கத்தில் கவுன்சலர் கேட்க வேண்டியவை: இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரமென்றால் யாரை அழைக்கலாம், இணைப்பு அறுந்தால் யார் யாரைத் திரும்ப அழைப்பது. கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும்போது சிக்னல் போய், அவர் வேண்டுமென்றே துண்டித்தார் என்று நினைத்து இரவெல்லாம் தவிப்பதைவிட, "ஐந்து நிமிடத்துக்குள் சாதாரண அழைப்பில் வருவேன்" என்ற ஒப்பந்தம் மேல்.

சாகத் தோன்றுவதைச் சொன்னால் போலீஸ் வரும் என்ற பயம் இன்றும் பலருக்கு இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளச் சொல்கிறது; அவரைத் தண்டிக்க முடியாது. ஜூலை 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே இல்லை. தயங்காமல் சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று திட்டம் உருவாகும் அளவுக்குப் போயிருந்தால் வாராந்திர வீடியோ அழைப்பு போதாது. உடனே 112 அல்லது 108-ஐ அழையுங்கள், அல்லது அருகில் உள்ள மருத்துவமனைக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 உண்டு. 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் 044-24640050 எண்ணும் உண்டு. இல்லாத குரல் கேட்பவர், குடியை நிறுத்திய சில நாளில் உடல் நடுங்கிக் குழம்புபவர் ஆகியோருக்கும் நேரடி மருத்துவமே முதலில்.

ரகசியம்

நீங்கள் சொல்வதை வெளியிடக் கூடாது என்பது சட்டம். விதிவிலக்குகளும் உண்டு: உயிருக்கு ஆபத்து இருந்தால் தேவையானவர்களுக்குத் தெரிவிக்கலாம், 18 வயதுக்குட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு உள்ளானது தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லும் கடமை இருக்கிறது. சிறுவயதில் நடந்ததைப் பேசப்போகிறீர்கள் என்றால், விவரத்துக்குள் போகுமுன் "இதை நான் சொன்னால் நீங்கள் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள்.

செயலிகள் வேறு கதை. ஃபின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட குறிப்புகளைக் காட்டி, 2020-இல் நோயாளிகளையே பணம் கேட்டு மிரட்டினார்கள். 30,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகள் அதில் இருந்தன. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனாளர்களின் தகவலை ஃபேஸ்புக் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாகக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2023-இல் 78 லட்சம் டாலர் கட்டவைத்தது. ஆகவே செயலியில் தேவையற்ற விவரங்களை நிரப்ப வேண்டாம். அமர்வு பதிவு செய்யப்படுகிறதா, குறிப்புகள் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். அலுவலக மடிக்கணினியையும் அலுவலக மின்னஞ்சலையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு சொல். இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண் தமிழிலும் உதவுகிறது. டொராண்டோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு தமிழ் பேசும் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று சென்னை கவுன்சலரைத் தேடுவோர் உண்டு. அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் டொராண்டோவில் உள்ள உங்கள் வீட்டுக்கு அவரால் ஆம்புலன்ஸ் அனுப்ப முடியாது, அங்குள்ள காப்பீடும் அவருக்குப் பணம் தராது. அவசரத்துக்கு உள்ளூர் மருத்துவர் ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். எனும் பொது மருத்துவச் சேவையின் பேச்சுவழிச் சிகிச்சைக்கு ஜி.பி. எனும் குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

தொடர்வதும் நிறுத்துவதும்

முதல் அமர்விலேயே மனம் ஒட்டாவிட்டால் கவலைப்பட வேண்டாம். மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் அவர் எதை நோக்கிக் கொண்டுபோகிறார் என்று புரியாவிட்டால் நேராகக் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். சொல்லாமல் மறைந்துவிடுவதைவிட, "இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், இதுவரை செய்ததைச் சுருக்கமாக எழுதித் தர முடியுமா?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள், அடுத்தவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லும் வேதனை மிச்சம். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் கவுன்சலரை மாற்றினாலும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அதை எழுதிய மருத்துவரிடம் அடுத்த சந்திப்பை முன்பதிவு செய்துவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.